பறிக்காமல் விட்ட மாங்காய்

ஞானதாஸின் வீடு பள்ளத்தில் இருந்தது. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே இறங்குகிற மகிழம்பூ நகரில் அவர் மனை கேட்டுப் போனபோது, மேட்டு மனைகள் எல்லாம் போய்விட்டன என்றார்கள். போன மனைகளுக்குப் பதிவு நடந்தது அதற்குப் பிறகுதான். அவர் அதைக் கிளறவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு என்று இல்லாமல் ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு என்று எண் போட்ட இடத்தில் தனக்கும் ஒரு கதவு எண் கிடைக்கிறதே, அது போதும் என்று வாங்கிவிட்டார். அப்போது அவர் தபால் ஆபீசில் வேலையில் இருந்தார். இப்போது ஓய்வு பெற்று, நகர்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறார்.

நகரில் இரண்டே தெரு. இரண்டு தெரு வீடுகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் இன்னொரு வீட்டளவுக்குத் தோட்டம். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மாவும் வேம்பும் தென்னையும் முந்திரியுமாக ஒரே தோப்பு கிழமேலாக ஓடுவது தெரியும். மழைக்காலத்தில் தண்ணீரும் அந்த வழியாகத்தான் ஓடும். தோட்டச் சுவர்களின் அடியில் விட்டிருந்த துவாரங்களுக்குள் நுழைந்து நுழைந்து வந்து, ஞானதாஸ் வீட்டுப் பள்ளத்தில் இறங்கி, பக்கத்து மனை வழியாக ஓடைக்குப் போய், பக்கிங்காம் கால்வாயில் சேரும். டிசம்பர்ப் புயலில் அவர் வீட்டுக்குள் கட்டில் சட்டம் நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அன்று சாயங்காலமே வடிந்தும் போனது. வடிந்துபோனதால்தான் அது வீடு. வழி அடைபட்டால் குளம்.

ஆகவே, பின்தோட்டங்களைப் பிரித்து விற்கிற வழக்கம் அந்தப் பக்கத்து நகர்களில் ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டு வந்தபோது, மற்றவர்களுக்கு அது நிழல் பற்றிய கவலை, ஞானதாஸுக்கு அது கூரை பற்றிய கவலை. நாவலூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் சனி ஞாயிறு வந்து தங்குவதற்கென்று வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். முன்வீட்டுக்காரர் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டுவிட்டு, பின்னால் மூன்று மாடி எழுப்பிவிடுவார். சாக்கடை தெருவில் ஓடும். கிணற்றில் உப்பு ஏறும். தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது. இதெல்லாம் நடக்காமலிருக்க, மகிழம்பூ நகரில் யாரும் பின்மனையைப் பிரிப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தலைவர் திருவேங்கடம் அன்றைக்கு மரங்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டு இரண்டாம் தெரு விஜயகுமாரி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருவேங்கடம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். லாரி ஓட்டி லாரி வாங்கி முன்னுக்கு வந்தவர். மேடைப் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து வேலையெல்லாம் ஞானதாஸ்.

தீர்மானத்தில் முதலில் மாட்டியவன் கிருபாகரன்.

ஞானதாஸ் வீட்டை ஒட்டி மேற்கே, தண்ணீர் ஓடைக்கு வடிகிற அந்த மனை அவனுடையது. ஞானதாஸின் மனைவி ரெபேக்காளின் அண்ணன் மகன். அதாவது ஞானதாஸுக்கு மருமகன் முறை. வெல்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். நகரில் அவர்கள் ஜனத்தில் இருந்தது இந்த இரண்டு வீடுதான். குடிகாரப் புருஷனோடு காலம் தள்ள முடியாமல் அவன் தங்கை ரெஜினா இரண்டு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பின்தோட்டத்தைப் பிரித்து அவள் பெயருக்கு எழுதி, சின்னதாக ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம் என்று கிருபாகரன் அனுமதிக்கு மனுப் போட்டான். தை மாதத்தில் சங்கம் கூடி, இதை எதிர்த்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. எழுத வேண்டியவர் ஞானதாஸ்.

எழுதுவதற்கு முன்னால் கிருபாகரனே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு வரைபடம். நிற்கச் சொன்னாலும் உட்காரச் சொன்னாலும் ஒன்றுதான் என்பதுபோல வாசற்படியிலேயே நின்றான்.

"மாமா, தரைமேல ஒரு செங்கல்லு வெக்க மாட்டேன். இரும்புக் கம்பம் நட்டு அதுமேலதான் வூடு. தண்ணி அதுபாட்டுக்குக் கீழ போய்கினு இருக்கும். உங்களுக்கு ஒரு சொட்டு நிக்காது. நான் செய்யற வேல, எனக்குத் தெரியாதா?"

ஞானதாஸ் வரைபடத்தைப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"ஒனக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கப்பா."

"எல்லாரும் உங்களுக்கு இன்னா ஒறவா மாமா?"

"ஒறவுன்றதாலதான் சொல்றேன். அவங்க ஆளுன்னு வுட்டுட்டான் பாருன்னு ஒரு வாய் பேசிடக் கூடாது."

கிருபாகரன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரெபேக்காள் இரவுச் சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள். "அவங்க வாய் பேசக் கூடாதுன்னு நம்ம புள்ளைங்க வாயில மண்ணப் போடுறீங்க" என்றாள்.

ஞானதாஸ் மனுவை எழுதினார். ஆம்புலன்ஸ் நுழையாத சந்து, மழைநீர் வழி, கிணற்று நீர், வெட்டுப்படப்போகும் மரங்கள் என்று ஒன்று விடாமல் எழுதினார். கம்பத்தின்மேல் கட்டுவதாக விண்ணப்பதாரர் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒரு பத்தியும் சேர்த்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்; முதல் கையெழுத்து திருவேங்கடத்துடையது. மாசியில் கிருபாகரனின் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஒரே வீட்டுக்குள் அவன் மனைவியும் ரெஜினாவும் முட்டிக்கொண்டார்கள். பங்குனியில் எவனோ ஒரு புரோக்கர் சொன்ன விலைக்கு வீடு, மனை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, புதுப்பட்டினத்தில் தனக்கும் தங்கைக்குமாக இரண்டு வாடகை வீடு பிடித்துக் கிளம்பினான். போகும்போது அத்தையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

ஞானதாஸுக்கு வருத்தம்தான். ஆனாலும், சட்டத்தின்முன் சொந்தம் பார்க்காதவர் என்று அந்த வாரக் கூட்டத்தில் திருவேங்கடம் சால்வை போட்டபோது அதை மறுக்கத் தோன்றவில்லை.

சித்திரை பிறந்தது. வழக்கமாகத் திருவேங்கடம் வீட்டு ஒட்டு மரத்திலிருந்து முதல் கூடை மாங்காய் ஞானதாஸ் வீட்டுக்கு வரும். பதிலுக்கு இங்கிருந்து முருங்கையும் கீரையும் போகும். இந்த வருடம் கூடை வரவில்லை. மரத்தில் காய்ப்பு குறைவோ என்று நினைத்தால், மாடியிலிருந்து பார்க்கும்போது கிளை தாங்காமல் தொங்குகிறது. கோபமோ என்று நினைத்தால், தெருவில் பார்க்கும்போது திருவேங்கடம் முன்னைவிட அதிகமாகத் தோளில் கை போடுகிறார்.

ஒரு நாள் புதுப்பட்டினம் சந்தைக்குப் போய்வந்த ரெபேக்காள் பையை இறக்கி வைத்துவிட்டு, "தலைவரு சம்சாரம் வேண்டாவப் பாத்தேன். மாங்கா வாங்கிகினு நிக்கிறா" என்றாள்.

"எதுக்கு?"

"ஊறுகாய்க்காம். நல்லாப் பேரம் பேசிகினு நின்னா. என்னப் பாத்ததும் பைய மூடிகினா."

ஞானதாஸ் மாடிக்கு ஏறினார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இந்தத் தோப்பை அவர் தினமும் பார்க்கிறவர்தான். ஆனால் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தரையைப் பார்க்கவில்லை. திருவேங்கடம் வீட்டு மரத்தடியில் மாங்காய்கள் விழுந்து கிடந்தன. வெடித்து, கறுத்து, ஈ மொய்த்துக்கொண்டு. அதற்கு அடுத்த தோட்டத்திலும் அப்படியே. விஜயகுமாரி டீச்சர் தோட்டத்தில் நெற்றாக முற்றிய தேங்காய்கள் விழுந்த இடத்திலேயே முளைவிட்டிருந்தன. எதிர்வரிசையில் முந்திரிப் பழம் அழுகி, கொட்டையோடு மண்ணில் கிடந்தது. ஒரு முருங்கைக்காய்க்கு மதில் தாண்டிச் சண்டை போட்ட ஜனங்கள். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை ஒருவர்கூடத் தங்கள் தோட்டத்தில் குனிந்து ஒன்றைப் பொறுக்கியிருக்கவில்லை.

பொறுக்கியிருந்தது அவர் வீட்டுத் தோட்டம் ஒன்றில்தான்.

அவர் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நிலம் கைமாறுகிற பேச்சு வந்தால் அந்தத் தோப்பில் ஆள் இறங்கக் கூடாது என்பது கூலிக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும். அச்சாரம் வாங்கியாகிவிட்டதென்றால் அன்று முதல் காய்ப்பது வாங்கியவனுக்கு. விற்றவன் ஒரு காயைப் பறித்தாலும் பேச்சு முறிந்ததாக அர்த்தம். பத்திரம் பதிவாகும்வரை அது விழுந்து அழுகலாம், அணில் தின்னலாம், விற்றவன் கை படக் கூடாது. ஞானதாஸ் இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு திருவேங்கடம் வீட்டுக்குப் போனார்.

கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்து, வேண்டா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் திருவேங்கடம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உங்க மரத்துக்கு இன்னா வந்துச்சு, தலைவரே? கடைக் காயா நறுக்கறாங்க?"

வேண்டா கத்தியை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். திருவேங்கடம் பொய் சொல்வார் என்றுதான் ஞானதாஸ் எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை.

"ஒக்காரு ஞானதாசு. ஒன்னண்ட மறைக்க இன்னா கீது? பின்மனைக்கு அச்சாரம் வாங்கிட்டேன். கார்த்திகையிலயே கை மாறிடிச்சி. அதுக்கப்பறம் அந்த மரத்துல நான் ஒரு காய் பறிச்சா அது திருட்டு. எங்க நைனா காலத்துலர்ந்து அப்படித்தான். அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படற ஆளா நானு? ஒனக்கே தெரியும்."

"கார்த்திகையில வாங்கினீங்க. தையில கிருபா மேல மனு."

"ஆமா."

"மொதக் கையெழுத்து உங்களுது."

"சங்கம் வேற, சொந்தம் வேற ஞானதாசு. மொத்தமா கீதுன்னாதான் வாங்குவேன்னுட்டான் அந்த ஆளு. அந்தப் பொண்ணு நடுவுல கம்பத்த நட்டுகினு ஒக்காந்துட்டா ரோடு எப்படிப் போடுவான்? பொது நன்மைனு பாக்கணும்ல."

"எல்லாரும் வாங்கிட்டாங்களா?"

திருவேங்கடம் வேண்டாவைப் பார்த்தார். வேண்டா மறுபடி நறுக்கத் தொடங்கியிருந்தாள். அவள்தான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "டீச்சர்தாங்க கடைசியா வாங்கினாங்க. அழுதுகினேதான் வாங்கினாங்க."

"ஒன்னண்ட இன்னும் ஆள் வரலியா?" என்றார் திருவேங்கடம். "வருவாங்க. அவசரப்படாத. நல்ல வெலயாக் கேளு."

இத்தனை வருடப் பழக்கத்தில் ஞானதாஸ் அவரை நீங்கள் என்றுதான் அழைத்திருக்கிறார், அவர் ஞானதாஸை நீ என்றுதான். அன்றைக்கு எழுந்து நின்றபோது ஞானதாஸ் வாயில், "நீ நல்லா இருய்யா" என்று வந்தது. திருவேங்கடத்தின் முகம் அப்போதுதான் மாறியது. அச்சாரம் வெளியானதற்கு மாறாத முகம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரெபேக்காள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஆள் வந்தால் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், இந்தச் சனியன் பிடித்த பள்ளத்தில் இனி என்ன வைத்திருக்கிறது என்றாள். ஞானதாஸ் முடியாது என்றார். வருகிறவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இது விற்பனைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அவன் விலையை ஏற்றுவான், அப்போதும் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லோரும் குனிந்த இடத்தில் ஒருத்தன் குனியவில்லை என்று ஊர் பேச வேண்டும். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று குளிக்கும்போதும் நடக்கும்போதும் கோத்துக்கொண்டிருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையைத் தேடினார்.

யாரும் வரவில்லை. வைகாசி போயிற்று. ஆனியில் தெருமுனையில் விளம்பரப் பலகை வைத்துவிட்டார்கள்; பசுமை சூழ்ந்த வீட்டுமனைகள் என்று, மேலே ஒரு மாமரத்தின் படம். மனு எழுதுகிறவன், எதிராளி வேண்டாம் என்று சொன்னால்கூடத் தேறிக்கொள்வான். வேண்டாம் என்று சொல்வதற்கு, ஒருத்தனாவது வந்து கேட்டுத் தொலைக்க வேண்டாமா? கடைசியில் பொறுக்க முடியாமல், பலகையில் போட்டிருந்த விலாசத்துக்கு அவரே பஸ் ஏறிப் போனார்.

ஆபீஸ் மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன், சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் இருந்தது. பக்கத்தில் கல் அறுக்கும் மிஷின் இரைச்சல். கண்ணாடிக் கதவெல்லாம் கல்தூள் படிந்திருந்தது. திவ்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் எழுந்து வணங்கி, மனை பார்க்கவா சார் என்று கேட்டு, டீ வரவழைத்தாள். அவர் இல்லை என்று சொல்வதற்குள் சரவணகுமார் என்ற இஞ்சினியர் வந்து பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டான். நல்ல பையன். வாங்க வந்தவர் என்றே நினைத்துக்கொண்டான். ஞானதாஸும் அப்படியே விட்டுவிட்டார்.

"மழைக்கு இன்னா பண்ணுவீங்க தம்பி? அங்க தண்ணி நிக்கும்னு சொல்றாங்க."

"நம்ம மனையில நிக்காது சார். மொத்த எடத்தையும் மண்ணு கொட்டி ஏத்திடுறோம், இடுப்பு ஒசரத்துக்கு. தண்ணியெல்லாம் சரிஞ்சு இதோ இங்க எறங்கிடும்."

விரல் வைத்த இடத்தில் வரைபடம் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் மனைகளுக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்திருந்தார்கள். கிருபாகரனின் மனைமேல் ரோடு போயிருந்தது.

"இது யாரோடது?"

"யாரோ ரிட்டயர்டு ஆளு சார். அத நாங்க எடுக்கல."

"ஏன், குடுக்க மாட்டேன்னுட்டாரா?"

"கேக்கவே இல்ல சார். எடுத்தா நாங்க எங்க எடத்துல தண்ணிக்குக் குளம் வெட்டணும். எதுக்கு வேஸ்ட்? அந்த நகர் தலைவரே சொல்லிட்டாரு, அந்தாளண்ட போகாதீங்க, மனு எழுதியே உசுர எடுத்துடுவான்னு. பக்கத்துல அவங்க ஆளுங்க வூடு இன்னொண்ணு இருந்துச்சு. அத அவன வெச்சே காலி பண்ணியாச்சு, இது ஒண்ணு கீழ கெடந்துட்டுப் போவுதுன்னாரு." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். "நல்ல மனுஷன் சார் தலைவரு. மரத்துல காயக்கூடத் தொடல. எங்க ஓனருக்கு அதுலயே அவர் மேல மரியாத."

ஞானதாஸ் டீயைக் குடித்து முடித்தார். திவ்யா போன் நம்பர் கேட்டாள். தபால் ஆபீஸ் பழக்கம், நம்பரைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எழுதினார். கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனார். சிலர் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் உள்ளே இருந்துகொண்டே வெளியூர் போயிருப்பதாகப் பிள்ளைகளைச் சொல்லவைத்தார்கள். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பேனாவைத் தொடவில்லை. சங்க முத்திரை தலைவர் பீரோவில் இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத காகிதத்தை எடுத்துக்கொண்டு அனுமதி கொடுக்கிற ஆபீசுக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி பழைய மனுவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டையும் படித்தார். முந்தையதில் சந்து குறுகல் என்று எழுதியிருக்கிறீர்கள், இவர்கள் அகலமாக ரோடு விடுகிறார்களே; கம்பத்தின்மேல் கட்டினால் ஒவ்வாது என்று எழுதியிருக்கிறீர்கள், இவர்கள் மண் கொட்டித் தரையில்தானே கட்டுகிறார்கள் என்று மரியாதையாகவே கேட்டார். ஞானதாஸுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது: கம்பத்தின்மேல் கட்டினால் தண்ணீர் அடியில் போகும், மண் கொட்டினால் போகாது. ஆனால் அதைச் சொன்னால் முந்தைய மனு பொய் என்று ஆகும். காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆடிக்காற்றில் மரங்களை வெட்டினார்கள். ஆவணி முழுக்க லாரி லாரியாகச் செம்மண் வந்தது. லாரிகளில் பாதி திருவேங்கடத்தினுடையவை. ஞானதாஸ் வீட்டுத் தோட்டச் சுவருக்கு மேலே மண் எழும்பி நின்றது. இப்போது அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அடுத்த மனையில் நடக்கிறவர்களின் கால்தான் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் கிருபாகரன் ஒரு மினி வண்டியோடு வந்தான். ரெபேக்காளின் துணி, தையல் மிஷின், பைபிள், அரிசி டிரம் எல்லாவற்றையும் அவனே தூக்கி ஏற்றினான். மாமா இருக்கிற பக்கம் திரும்பவில்லை. மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ரெபேக்காள் ரெஜினாவிடம் பேசி முடித்திருந்தாள். ஞானதாஸுக்கு அன்று காலையில்தான் சொன்னாள்.

அவர் வண்டியின் அருகில் வந்து நின்றார். "நான்?" என்றார்.

"அந்தப் பொண்ணு வூட்டுலதான் தங்கப் போறேன்" என்றாள் ரெபேக்காள். "அவகிட்ட உங்களுக்கு எடம் கேக்க எனக்கு வாய் வரல. நீங்க வந்து கேக்கறதுன்னா கேளுங்க. அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா."

மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பதுதான் அவரைத் தடுத்தது. வண்டி கிளம்பிப் போயிற்று.

ஐப்பசியில் முதல் பெருமழை விடியற்காலையில் பிடித்தது. வெளிச்சம் வரும்போது பின்கதவின் அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்து அடுப்படிக்குள் பரவத் தொடங்கியிருந்தது. ஞானதாஸ் கோணிகளை அடைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. கதவு உப்பிக்கொண்டு வந்தது. உடைவதைவிடத் திறப்பது மேல் என்று தாழ்ப்பாளை எடுத்தார். சேறும் தழையுமாகத் தண்ணீர் அவர் காலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்தது. வந்தது அப்படியே போகட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் முன்கதவையும் விரியத் திறந்துவிட்டார்.

மண் லாரிகள் போகவரத் தோதாக முன்தெருவையும் ஏற்றிப் போட்டிருந்தார்கள். தெரு அவர் வாசற்படிக்கு மேலே இருந்தது. தண்ணீர் வாசல்வரை போய் முட்டி, திரும்பி, கூடத்துக்கே வந்தது.